நான் எழுதாத அறிக்கையில் என் கையெழுத்து

நான் எழுதாத ஓர் அறிக்கைக்குக் கீழே என் கையெழுத்தை வைத்துக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டாய். நான் எழுதிய பதினோரு பக்கத்தை உன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டாய். நீ செய்தது இதுதான். இதற்கு நீ சொன்ன காரணங்களை எல்லாம் கேட்டேன். உன் அம்மா உனக்காகச் சொன்னதையும் கேட்டேன். ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தும் மேலே எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

இதை ஓர் உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்பனும் மகளும் பேசிக்கொள்ள வேண்டியதை ஊருக்குக் காட்டுவானேன் என்று உன் அம்மா கேட்கிறாள். அந்த அறிக்கை கல்லூரியின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது. மறுப்பும் எல்லாரும் பார்க்கும் இடத்தில்தான் வர வேண்டும். அதனால் முதல் பிரதியை உனக்கும், இரண்டாவதை உன் கல்லூரி முதல்வருக்கும், மூன்றாவதைப் பாளையங்கோட்டையில் இருந்து வரும் ஒரு மாத இதழுக்கும் அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் அங்கங்கே விளக்கி எழுதியிருப்பேன். அது மற்றவர்கள் வாசிப்பதற்காக. உனக்கு மறந்துபோயிருந்தால் உனக்காகவும் என்று வைத்துக்கொள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ராதாபுரம் வட்டத்துக்கு முப்பத்து நான்கு வருஷம் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபராக இருந்தேன். செய்தி எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுதி அனுப்புகிற ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வேன். மறுநாள் பத்திரிகை வந்ததும் அச்சில் வந்ததையும் என் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எந்த வாக்கியத்தை மேலே தூக்கியிருக்கிறார்கள், எந்தச் சொல்லை அடித்திருக்கிறார்கள், நான் நாலு வரியில் சொன்னதை எப்படி ஒரு வரியில் அடக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். நீ எழுத்துக்கூட்ட ஆரம்பித்த பிறகு அந்த வேலையில் பாதியை நீ எடுத்துக்கொண்டாய். நீ அச்சில் வந்ததை வாசிப்பாய், நான் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவேன். ஒரு சொல் குறைந்திருந்தால் எனக்கு முன்னால் உனக்குக் கோபம் வந்துவிடும். “யப்பா, நம்ம வரிய வெட்டிட்டாங்க, போன் பண்ணிக் கேளுங்க” என்பாய். வெட்டியது சரிதான் என்று நான் சொன்னாலும் உனக்கு ஆறாது. ஒரு சொல்லுக்கு அப்படிக் கோபப்பட்ட பிள்ளை பதினோரு பக்கத்தை மொத்தமாக எப்படி வெட்டினாய் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

இந்த மதிப்பீட்டு வேலையை நானாகக் கேட்டு வரவில்லை. நீதான் வந்தாய். உன் துறையின் இதழியல் பட்டப் படிப்பைத் தொடர்ந்து நடத்த அனுமதிக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு குழு வரப்போகிறது, அதற்கு முன்னால் துறைக்கு வெளியே இருந்து, தொழில் தெரிந்த ஒருவர் பாடத்தையும் வகுப்பையும் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றாய். சென்னையில் இருந்து வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார் என்றும் சொன்னாய். பெற்ற அப்பனையே போட்டால் நாலு பேர் கேட்க மாட்டார்களா என்று நான் கேட்டேன். “உங்கள மாதிரி உள்ளதச் சொல்லுத ஆளு வேற யாருப்பா இருக்கா” என்றாய். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. எழுபத்து இரண்டு வயதில் ஒருவனை மயக்க அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

நாலு நாள் வந்தேன். காலையில் ராதாபுரத்தில் பஸ் ஏறி வள்ளியூர் போய், அங்கே மாறி, பாளையங்கோட்டையில் இறங்கி, நகரப் பேருந்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றுகொண்டு வந்தேன். முதல் நாள் காலையில் உன் அறையில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஒரு தாளை நீட்டினாய். மேலே மதிப்பீட்டுக் குழு என்று தலைப்பு, கீழே உறுப்பினர் என்று என் பெயர், பக்கத்தில் கோடு. வந்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து என்றாய். போட்டேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்த நான், என் கையெழுத்துக்கு மேலே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. மகள் நீட்டிய தாளை யார் பார்ப்பார்கள்?

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்லதை நல்லது என்றுதான் எழுதினேன், அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்துப் பார். பத்திரிகைச் சட்டம் நடத்துகிற அந்த இளம் ஆசிரியரின் வகுப்பு மூன்று தரம் கேட்கலாம் போல இருந்தது என்று எழுதியிருக்கிறேன். நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கட்டி வைத்திருக்கும் ஒழுங்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் மூன்றாம் வருஷப் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு செய்திக்கு யார், எங்கே, எப்போது, ஏன் எல்லாம் வேண்டும் என்பதைப் பத்து மதிப்பெண்ணுக்கு அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். அதே பிள்ளைகள் நடத்தும் துறை இதழை எடுத்தால், முதல் பக்கத்தில் முதல்வர் குத்துவிளக்கு ஏற்றினார், இரண்டாம் பக்கத்தில் முதல்வர் மரக்கன்று நட்டார், கடைசிப் பக்கத்தில் முதல்வர் பிறந்தநாள். கேமராக்கள் பீரோவில் இருந்தன. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். களப்பயிற்சிச் சான்றிதழ்களைக் கேட்டேன். ஒரு கட்டாக வந்தது. எல்லாம் ஒரே பேனாவில், ஒரே வாசகத்தில் இருந்தன. யாரிடம் பயிற்சி எடுத்தாய் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் உன் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் நான் வைத்த பரீட்சை உனக்குப் பிடிக்கவில்லை என்று அப்போதே தெரியும். பன்னிரண்டு பேரை வெளியே அனுப்பினேன், இரண்டு மணி நேரத்தில் பாளையங்கோட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் போய் ஒரு செய்தியோடு வாருங்கள் என்று. ஒரு கூட்டம் எதிரில் இருந்த டீக்கடையைத் தாண்டவில்லை. “பாளையங்கோட்டையில் கடும் வெயில், பொதுமக்கள் அவதி” என்று எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். எந்தப் பொதுமக்கள்லே என்று கேட்டேன். அதில் ஒருத்தன் தலையைச் சொறிந்துகொண்டு, “நாங்கதான் ஐயா” என்றான். சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். அந்தப் பயல் பொய் சொல்லவில்லை என்பதற்காகவே அவனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் முத்துச்செல்வி கடைசியாக வந்தாள், வேர்த்து விறுவிறுத்து. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்து பிடிக்கிற ஒரு டவுன் பஸ்ஸை அரை மணி நேரம் முந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். அதனால் அந்தப் பெண்கள் இப்போது வேறு நிறுத்தத்துக்கு நடக்கிறார்கள். மூன்று பெண்களின் பெயர், ஊர், எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார்கள், நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது எல்லாம் இருந்தது. நடத்துநரிடம் பேசியிருக்கிறாள். பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவரிடமும் பேசியிருக்கிறாள். செய்தியில் கடைசியில் வர வேண்டியது முதலில் இருந்தது, அது கிடக்கட்டும். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “நேரம் குறிக்கிறவரு எல்லாத்தையும் சொல்லிட்டு, நான் சொன்னதாப் போடாதம்மான்னு சொல்லிட்டாரு. போடவா, வேண்டாமா ஐயா?”

மூன்று வருஷப் பாடத்தில் அந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். அவள் வெளியே போன இரண்டு மணி நேரத்தில் அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. இதற்கு மதிப்பெண் உண்டா என்று அவள் அடுத்துக் கேட்டாள். இல்லை என்றேன். பரவாயில்லை, நாளைக்கும் போகட்டுமா என்றாள். போகலாம் என்று சொல்ல வேண்டியது துறைத் தலைவியாகிய நீ. பெண்பிள்ளைகளை வெளியே அனுப்ப ஒவ்வொருத்தர் வீட்டிலும் கடிதம் வாங்க வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றாய். உன் பயம் நியாயமானது. கடிதம் வாங்கு என்றுதான் நானும் சொன்னேன். நாலாம் நாள் வந்தபோது கடிதமும் இல்லை, அவள் முகத்தில் முந்தின நாள் இருந்த வெளிச்சமும் இல்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். அடித்து, திருத்தி, திரும்ப எழுதினேன். இந்தப் பட்டம் பத்திரிகையைப் பற்றிச் சொல்லித்தருகிறது, செய்தி எடுக்கச் சொல்லித்தரவில்லை என்றும், இப்போது படிக்கிறவர்களுக்கு மீதி நாளில் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும், அதுவரை ஒரு வருஷம் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றும் முடித்தேன். துறையை மூடு என்று நான் எழுதவில்லை. இதை நீ உன் அம்மாவிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறாய்.

அறிக்கையைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தபோது நின்றவாக்கில் புரட்டிப் பார்த்துவிட்டு, “பைய வாசிக்கேன்பா” என்றாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பெரிய இடத்துக்குப் போகிற காகிதம், நாளாகும் என்று இருந்தேன். பிறகு ஒரு நாள் பருப்பு வாங்கச் சுடலைமுத்து கடைக்குப் போனேன். நம் தெரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். என்னைப் பார்த்ததும் தராசை விட்டுவிட்டு வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங் சேர்ப்பதாக இருந்தார்களாம், அவள் ஒரே பிடியாக இதழியல்தான் வேண்டும் என்று நின்றிருக்கிறாள்.

“எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி, அது என்ன படிப்போன்னு மலைச்சுப் போயி நின்னேன். அவதான் போன்ல நீங்க எழுதினதக் காமிச்சா. நல்ல படிப்பு, நம்பிச் சேக்கலாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிய. இந்த ஊர்ல நீங்க ஒண்ணு எழுதினா அது நடந்ததுதான். நேத்துப் போயி சேத்துட்டு வந்துட்டேன்.”

போனை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம், தட்டச்சு செய்தது. பாடத்திட்டம் காலத்துக்கு ஏற்றது. களப்பயிற்சி மனநிறைவு தருகிறது. மாணவர்கள் துறைக்குத் தயார். கீழே நான் போட்ட கையெழுத்து, என் கையெழுத்தேதான். சுடலைமுத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே. இதை நான் எழுதவில்லை என்று சொன்னால், அடுத்த கேள்வி யார் எழுதியது என்பதுதான். வாய் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, பருப்பு வாங்காமலே வந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன், அடிக்க வந்தவர்கள் முன்னாலும் நின்றிருக்கிறேன். ஒரு கடைக்காரர் நன்றி சொன்னபோதுதான் உள்ளதைச் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டேன். நீ மறுக்கவில்லை, பதினோரு பக்கம் உன் மேசை இழுப்பறையில் இருப்பதையும் மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். “அது உங்க கையெழுத்துதானப்பா, நான் ஒண்ணும் கள்ளக் கையெழுத்துப் போடலயே” என்றாய். வந்ததற்கு அடையாளமாகப் போட்டது என்றேன். எல்லாக் குழுவிலும் இப்படித்தான் நடக்கிறது, முதலில் கையெழுத்தை வாங்கிவிடுவோம், பிறகு அறிக்கையை எழுதிச் சேர்ப்போம், கையெழுத்துப் போட்டவர் யாரும் திரும்ப வாசித்துப் பார்ப்பதில்லை என்றாய். நீ சொன்ன விதத்தில் அது ஒரு குற்றமாகவே தெரியவில்லை, அலுவலக நடைமுறை போலத் தெரிந்தது. உன் அம்மா சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். “அவ ஒரு கையெழுத்த எடுத்து வச்சதுக்கு இந்தக் கேள்வி கேக்கிய. ஊருல அவனவன் பிள்ளைக்கு எம்புட்டோ செய்யுதான்” என்றாள்.

பிறகு நீ உண்மையான காரணத்தைச் சொன்னாய். ஒரு வருஷம் சேர்க்கையை நிறுத்தினால் பிறகு திறக்கவே விடமாட்டார்கள், மூன்று ஆசிரியர்களும் நீயும் தெருவில் நிற்க வேண்டும், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் பட்டத்தை எவனும் மதிக்க மாட்டான், துறையே இல்லாமல் போன பிறகு யாரைத் திருத்துவது என்றாய். நீ சொன்னதில் பலமான வாதம் இது ஒன்றுதான். நீ சொல்வது போல நடந்தாலும் நடக்கும். அதை என் முகத்துக்கு நேரே, அறிக்கை கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். என்னோடு சண்டை போட்டிருக்கலாம். நான் பிடிவாதக்காரன், மாற்றியிருக்க மாட்டேன். அப்போது நீ உன் பெயரில், அப்பா சொல்வது தவறு என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருப்பேன்.

நான் விடாமல் கேட்கவும், நீ தட்டைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாய். “நீங்க மூணு மணி பஸ்ஸுக்கு எழுதுவியளே, அது என்னதாம்? எப்படியும் நடக்கப்போறதத்தான முன்னாடியே எழுதுவிய. நானும் அதத்தான் செஞ்சிருக்கேன்.”

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தது கோபத்தால் என்று உன் அம்மா நினைக்கிறாள். கோபம் இல்லை. மற்றவர்கள் அறிய அதையும் எழுதிவிடுகிறேன். அப்போதெல்லாம் செய்தியை உறையில் போட்டு மூன்று மணி பஸ்ஸின் நடத்துநரிடம் கொடுத்துவிட வேண்டும். திருநெல்வேலியில் பத்திரிகை ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அந்த பஸ்ஸை விட்டால் செய்தி மறுநாள் பத்திரிகையில் வராது. மாலையில் நடக்கும் கூட்டம், திறப்பு விழா, கோயில் கொடை விழாவின் முதல் நாள் எல்லாவற்றையும் அழைப்பிதழைப் பார்த்து மத்தியானமே எழுதி அனுப்பிவிடுவோம். இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் பேசினார், திரளானோர் கலந்துகொண்டனர். சின்ன ஊர் நிருபர்கள் எல்லாருமே செய்தது அது. ஒரு தடவை ராதாபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் குடிதண்ணீர்த் தொட்டி திறப்பு. தண்ணீர் விநியோகம் தொடங்கியது, பொதுமக்கள் மகிழ்ச்சி என்று எழுதி அனுப்பினேன். அன்று சாயங்காலம் திறக்க வேண்டியவர் வரவில்லை. தொட்டியில் தண்ணீரும் ஏறவில்லை. மறுநாள் பத்திரிகையில் திறந்தாகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் போய்க் கேட்ட இடத்தில் எல்லாம் அதிகாரிகள் பத்திரிகையை எடுத்துக் காட்டி, திறந்தாச்சே என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு அம்மாள் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். “அண்ணாச்சி, உங்க பேப்பர்ல தண்ணி வருது, எங்க தெருவுல வரல. இதப் பிழிஞ்சு குடிக்கவா?” என்று கேட்டாள். நீ அப்போது பிளஸ் டூ. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

மறுப்புப் போடச் சொல்லிப் பத்திரிகையின் ஆசிரியர் பிரிவுக்கு எழுதினேன். விட்டுத்தள்ளுங்க, எப்படியும் திறக்கத்தானே போறாங்க என்று சொல்லிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். நான் செய்ததில் பெரிய தவறு அதுதான். இன்று வரை அந்த மறுப்பு எங்கேயும் வந்ததில்லை. இங்கே எழுதியதுதான் அந்த மறுப்பு. அதற்குப் பிறகு நடக்காத ஒன்றையும் நடந்ததாக நான் எழுதவில்லை. என் செய்திகள் ஒரு நாள் பிந்தி வந்தன. மற்ற பத்திரிகையில் முந்தி வந்துவிட்டது என்று அலுவலகத்தில் ஏசினார்கள். வாங்கிக்கொண்டேன். அப்போது நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், அதையெல்லாம் நீ பார்க்கவில்லை. நான் கெட்டதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டாய். திருந்தியதைச் சொல்லித்தர எனக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படித்து முடித்ததும் மதுரையில் ஒரு நாளிதழில் இருந்து உனக்குப் பயிற்சி நிருபர் வேலைக்குக் கடிதம் வந்தது. நீ பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாய். ஏட்டி, தெருத்தெருவாய் அலைகிற வேலை உனக்கு வேண்டாம், வாத்தியார் வேலைக்குப் போ என்றேன். நீ கேட்கவில்லை. நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் நீ பெட்டியைப் பிரித்து உடுப்பையெல்லாம் கொடியில் போட்டாய். அலைந்து பிழைத்தவன் நான், அலைச்சலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் நான், என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று சொன்னவனும் நானே. நீ ஒரு நாள்கூடச் செய்தி எடுக்காமல் செய்தி எடுக்கச் சொல்லித்தரும் துறைக்குத் தலைவி ஆனாய். உன் பாடத்திட்டத்தில் உள்ள ஓட்டையில் பாதியை நான்தான் போட்டேன். இதை என் பதினோரு பக்கத்தில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. இவற்றை எல்லாம் நான் ஒப்புக்கொள்வதால் நீ செய்தது குறைந்துவிடாது. அப்பாவும் செய்தாரே என்பது பதில் ஆகாது. உன் அம்மா இந்த வாரம் முழுக்க என்னிடம் கேட்டது, பெற்ற பிள்ளையிடம் இவ்வளவு பிடிவாதம் வேண்டுமா என்றுதான். வேண்டும். எனக்கு வீடு தவிர வேறு சொத்து இல்லை, பட்டம் இல்லை, பதவி இருந்ததில்லை. சொன்னால் சரியாக இருக்கும் என்று இந்தத் தாலுகாவில் நாலு பேர் நம்புகிறார்கள், நான் சேர்த்தது அதுதான். அதை எடுத்து நீ ஒரு பெண்ணைச் சேர்க்கப் பயன்படுத்திவிட்டாய். அந்தப் பெண் மூன்று வருஷம் கழித்து என் எதிரே வந்து நின்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பேன்?

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன், யார் செய்ய வேண்டும் என்பதோடு சேர்த்து.

உன் முதல்வர் அந்த இரண்டு பக்கத்தை இணையதளத்தில் இருந்து எடுக்க வேண்டும். சத்தமில்லாமல் எடுத்தால் போதாது. ஏன் எடுத்தோம் என்று அதே இடத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். இனி எந்தக் குழுவிலும் அறிக்கையை முழுதாக வாசித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று எல்லாத் துறைக்கும் அவர் எழுத வேண்டும்.

பல்கலைக்கழகக் குழு வருவதற்கு முன்னால் என் பதினோரு பக்கத்தை அவர்கள் கையில் சேர்க்க வேண்டியது நீ. அதில் ஒரு வரியும் வெட்டக் கூடாது. உனக்கு ஒப்பாத இடத்துக்கெல்லாம் பதில் எழுது, பதினோரு பக்கத்துக்கு இருபது பக்கம் வேண்டுமானாலும் எழுது. எழுதிக் கீழே உன் கையெழுத்தைப் போடு. அவர்கள் உன் பக்கம் தீர்ப்புச் சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

முத்துச்செல்வியின் செய்தியை அவள் பெயரோடு துறை இதழின் முதல் பக்கத்தில் போட வேண்டியது உன் ஆசிரியர்கள் மூன்று பேரும். நேரம் குறிப்பவர் சொன்னதைப் போடுவதா வேண்டாமா என்பதை அவளையும் வைத்துக்கொண்டு வகுப்பில் பேசி முடிவு செய்யட்டும். ஒரு முழு வகுப்பு அதற்குச் சரியாக இருக்கும்.

அந்தப் பிள்ளைகள் வெளியே போகும் முதல் நாள் நீயும் போக வேண்டும். ஒரு செய்தி எடுத்து எழுதி, அவர்கள் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். அதை யாரும் தடுக்கக் கூடாது, நான் உட்பட.

உன் அம்மா நம் இரண்டு பேருக்கும் நடுவில் தூது வருவதை நிறுத்த வேண்டும். இதை அவளுக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

நான் மதிப்பீட்டுக் குழுவில் இருந்து விலக மாட்டேன். விலகினால் உனக்கு வசதியாகப் போய்விடும். அடுத்த தடவை கூப்பிட்டாலும் வருவேன்.

மிச்சம் இருப்பது சுடலைமுத்து. கல்லூரியில் சேர்ந்தவர்கள் வேறு படிப்புக்கு மாறுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வரை மாறிக்கொள்ளலாம் என்று விசாரித்துவிட்டேன். மாத இதழ் அச்சாகி வரும் வரை அவரால் காத்திருக்க முடியாது. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியது நீ. வியாழக்கிழமை சாயங்காலம் வரை வழி பார்ப்பேன். அவர் மகளையும் கூட வைத்துக்கொண்டு, எது நான் எழுதியது, எது நீ எழுதியது என்று சொல்லு. கேட்ட பிறகும் அந்தப் பெண் இதுதான் வேண்டும் என்றால் படிக்கட்டும், அது அவள் இஷ்டம். நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் நானே போவேன். அண்ணாச்சி, அந்த அறிக்கை நான் எழுதியது இல்லை என்பேன். பிறகு ஆரு எழுதினா என்று அவர் கேட்பார். இந்தத் தடவை எனக்கு வாய் வரும். என் மகள் என்று சொல்வேன்.